மூன்று ஏக்கர் சணப்பையும் ஒரு மைக்கும்

ஜூலை 9, புதன்

வயலில் நடப்பதைத் தினமும் எழுதி வையுங்கள் என்று பயிற்சி முகாமில் வேளாண்மை ஆபீஸ் அல்போன்சா மேடம் சொன்னார்கள். வீட்டில் நடப்பதை எழுதச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் வேலி கிடையாது. கோழி போய் வருவதுபோல வீட்டுச் சங்கதியும் இதற்குள் வந்துவிட்டால் நான் பொறுப்பல்ல.

முதலில் மண். குற்றாலம் போகிற சாலையோரம் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் செவல் நிலம் இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து சின்ன வெங்காயம்தான். எங்கள் பக்கம் அதை உள்ளி என்போம். போன வருஷம் விளைந்த உள்ளியைக் கையில் எடுத்துப் பார்த்த வியாபாரி, இது விதைக்கா விற்கவா என்று கேட்டார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சந்தேகப்பட்டார். அதனால்தான் மண்ணை ஆய்வுக்குக் கொடுத்தேன். முடிவு இன்று வந்தது. ரசாயன உப்பு உரமாகவே போட்டுப் போட்டு, மண்ணில் இலைதழை மக்கிய மக்கு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லையாம். அல்போன்சா மேடம் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "இது மண்ணு இல்ல காந்திமதி. செங்கலுக்கு முந்தின நிலைமை" என்றார்கள்.

வைத்தியம் இதுதான். இந்தப் போகம் உள்ளி கிடையாது. சணப்பை விதைக்க வேண்டும். வளர்ந்து பூக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி உழுதுவிட வேண்டும். செடி மண்ணுக்குள் மக்கும். மழைக்கு முன்னால் மண் உயிர் பிடிக்கும். பிறகு உள்ளி.

கேட்க எளிதாக இருக்கிறது. ஊரில் சொல்லத்தான் முடியவில்லை. டீக்கடையில் என்ன பயிர் என்று கேட்டார்கள். சணப்பை என்றேன். எங்கே விற்பாய் என்றார்கள். விற்க மாட்டேன், நன்றாக வளர்த்து, பூத்ததும் உழுதுவிடுவேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் எனக்கு உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டார். தலைசுற்றல் வந்தவர்களுக்குத்தான் அப்படிப் போடுவார்கள்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். பெயர் குற்றாலிங்கம். இதில் அவர் என்று எழுதினால் அவர்தான். குற்றாலிங்கம் சவுண்ட் சர்வீஸ் என்றால் சுற்றுப்பட்டு ஊர்களில் தெரியாதவர்கள் கிடையாது. கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டி அவர் மைக்கைப் பிடித்தால்தான் களை கட்டும். கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகள் அவர் அறிவிப்பைக் கேட்டு அழுகையை நிறுத்தியிருக்கின்றன. டவுனிலிருந்து ஆள் உயரப் பெட்டியும் சுழல் விளக்குமாக வேறு செட்டுகள் வர ஆரம்பித்த பிறகு இவரை யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டு வருஷமாக ஃபேனுக்கு அடியில் பெஞ்சில் படுத்திருக்கிறார். கேட்பவர்களிடம் ஓய்வு என்று சொல்கிறேன்.

மண், மக்கு, வேர் முடிச்சு என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் ஃபேனைப் பார்த்தபடி, "நீ சொன்னாச் சரிதான்" என்றார். எதற்கும் அதுதான் பதில். நானும் ஃபேனைப் பார்த்தே மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

சாரல் விழுந்தது. விதைத்தாயிற்று.

ஜூலை 19, சனி

மயில். பத்துப் பன்னிரண்டு வந்து, பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்று விதையைப் பொறுக்குகின்றன. விரட்டினால் தோகையை விரிக்கின்றன.

பழைய கேசட்டின் நாடாவை உருவி வயலுக்குக் குறுக்கே கட்டினால் காற்றில் விர்ரென்று சத்தம் போடும், பறவை அண்டாது என்று அல்போன்சா மேடம் சொன்னார்கள். வீட்டில் மூன்று டிரங்குப் பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. அவரிடம் கேட்டேன். முதல் தடவையாக, "நீ சொன்னாச் சரிதான்" என்று வரவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

எந்தக் கேசட்டைக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டார். மத்தியானம் வரை கேட்டார். கடைசியில் யாரோ அரசியல்வாதியின் பழைய மேடைப் பேச்சைக் கொடுத்தார். பாட்டைக் கொடுக்க மனசு வரவில்லையாம். கட்டினோம். மயில்கள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பறந்துபோயின.

ஜூலை 23, புதன்

முளைத்துவிட்டது. மயில் தின்ற இடம் மட்டும் சொட்டை.

ஆகஸ்ட் 6, புதன்

முழங்கால் உயரம். ஊரில் எனக்குக் கோட்டி, புத்தி பிசகிவிட்டது என்பது அநேகமாக முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் செண்பகத்தம்மாள், கோயிலில் திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல திருநீறு, வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இடுப்பு உயரம். களை எடுக்கிற வேலையே இல்லை. சணப்பை நெருக்கி நிற்பதில் கோரை தலை தூக்கவில்லை. கை சும்மா இருந்தது. அலமாரி துடைத்தேன். அவர் படுத்திருந்த பெஞ்சைச் சுற்றியும் துடைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதல் பூ. மஞ்சள். இன்னும் ஒரு வாரத்தில் பாதி வயல் பூத்துவிடும். அப்போது உழ வேண்டும். பிந்தினால் தண்டு நாராகிவிடும், மக்காது, உழவும் விடாது. டிராக்டர் வைத்திருக்கும் சுடலைமுத்துவிடம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவிட்டேன். சுடலைமுத்து அவருக்குச் சித்தப்பா மகன், சொன்ன சொல் தவற மாட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய ஒரு ஜோடி பைக்கை நிறுத்தி வயலுக்குள் இறங்கிவிட்டது. போய் என்னவென்று கேட்டேன். ஆன்ட்டி, இது சூரியகாந்தியா என்றாள் அந்தப் பெண். இது சணப்பை, உரத்துக்கு என்றேன். ரொம்பக் க்யூட் ஆன்ட்டி என்றாள். உரத்தை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அந்தப் படத்தை எங்கே போட்டார்களோ தெரியாது. காலையிலேயே நான்கு கார். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டன. கல்யாணத்துக்கு முன்னாலேயே படம் எடுத்துவிட வேண்டுமாம் இப்போதெல்லாம். ஆசீர் என்று ஒரு போட்டோகிராபர், என் வயசுதான் இருக்கும், வெள்ளைக் குடையும் விளக்குமாக வந்து, பட்டுப்புடவைப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் என் வயலுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார். பெண்ணின் முந்தானையை ஒருவர் தூக்கி வீச, இன்னொருவர் பெரிய அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். ஆசீர் பயப்படவில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த அருவாளோட அப்டியே நில்லுங்க. ஒரு படம்" என்றார்.

நின்றுவிட்டேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

இதற்குள் என்னைத் தேடிக்கொண்டு அவர் வரப்புக்கு வந்துவிட்டார். பெஞ்சை விட்டு எழுந்து அவ்வளவு தூரம் நடந்ததே அதிசயம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை வாய்க்குக் குவித்து, "பொண்ணு ரெண்டடி இடது பக்கம். மாப்பிள்ளை நேரா நிக்கட்டும், கூன் போடக் கூடாது" என்றார். மைக் இல்லாமலே வயல் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்தார். ஆசீரும் நிமிர்ந்தார். நானும்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

அவர் சவரம் செய்துகொண்டார். இன்று யாருக்கும் கல்யாணமில்லை, எழவுமில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டிராக்டர் வரவில்லை. நீ அலைய வேண்டாம், நான் போன் போடுகிறேன் என்று அவரே சுடலைமுத்துவிடம் பேசினார். டயர் பஞ்சராம்.

வயல் முழுக்க மஞ்சள். நீல நிறப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மற்றதெல்லாம் ஈரம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் வயலுக்குப் போனால், கிணற்றடித் தென்னையில் குழாய் ஸ்பீக்கர். அடியில் மேசை, மேசைமேல் மைக், பக்கத்தில் வெள்ளை வேட்டியில் அவர். ஆறு கல்யாண ஜோடிகள், அவர்களுடைய அத்தை மாமா, ஐஸ் வண்டி ஒன்று. டீக்கடையில் எனக்கு ஸ்டூல் போட்டவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். மேசையில் அவர் மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த மணமக்களே, பெரியோர்களே. செடிகளுக்கு நடுவே நடக்கும்போது ஒடிக்காமல் நடக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் மிதிப்பது செடி அல்ல, அடுத்த போகத்து உள்ளி."

பச்சைச் சட்டை அணிந்த மாப்பிள்ளைத் தோழர் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டாம் என்று அடுத்த அறிவிப்பு. ரோஜா நிறப் புடவைக்காரர்களின் நேரம் முடிந்துவிட்டது, வாடாமல்லி நிறப் புடவைக்காரர்கள் தயாராக இருக்கவும் என்று அதற்கடுத்தது.

ஒரு பெண் இந்தப் பூவை எதற்கு வளர்க்கிறீர்கள் என்று மேசைக்கே வந்து கேட்டாள். அவர் மைக்கை வைத்துவிட்டு, ஓரத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கினார். வேரில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்ன முண்டுகளை அவளிடம் காட்டினார். இது நோயா அங்கிள் என்றாள் அவள். இல்லம்மா, இது சேமிப்பு, காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்து இதற்குள்தான் வைக்கும், செடி மக்கினால் மண்ணுக்கு வந்துவிடும் என்றார். மண்ணில் மக்கு இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது, மண்புழு வராது, எத்தனை மூட்டை உரம் போட்டாலும் ஓட்டைப் பானைதான் என்றார். அந்த முண்டை நகத்தால் கிள்ளி உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பதையும் காட்டினார்.

அத்தனையும் நான் சொன்னது. ஜூலை மாதம், ஃபேனைப் பார்த்துச் சொன்னது. ஒரு வார்த்தை விடாமல் வாங்கி வைத்திருக்கிறார்.

மத்தியானம் எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். மோர் நிறைய மிஞ்சியிருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

அல்போன்சா மேடம் போன் செய்தார்கள். உழுதாயிற்றா என்று கேட்டார்கள். இதோ என்றேன். பாதிக்குமேல் பூத்த பிறகு ஒரு நாள்கூட வைக்கக் கூடாது என்றார்கள்.

ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தேன். போன வாரம் முறுக்குப்போல டக்கென்று ஒடிந்தது. இன்று வளைந்து, உரிந்து, நாராகத் தொங்கியது. நாளைக்கு உழுதே ஆக வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

டிராக்டர் வரவில்லை. பேட்டரியாம். இதுவும் அவர்தான் போனில் கேட்டுச் சொன்னார்.

செப்டம்பர் 4, வியாழன்

நானே சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். டிராக்டர் வாசலில் நின்றது. நின்றது மட்டுமல்ல, ஓடிக்கொண்டும் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த சுடலைமுத்து என்னைப் பார்த்ததும் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, பிறகு எதற்காகவோ டயரை உதைத்துப் பார்த்தான்.

"மைனி, என்னைய ஒண்ணும் கேக்காதிய. அண்ணன்தான் பைய உழுவலாம், போன் போட்டாப் பேட்டரின்னு சொல்லுன்னாவ. அதுக்கு முந்தி பஞ்சர். நாளைக்கு என்னன்னு இன்னும் சொல்லல."

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே நடந்தேன். மூன்று ஏக்கர் மண், ஒரு போகம், ஊரெல்லாம் கோட்டிக்காரி என்று வாங்கின பேர், எல்லாம் அதில் இருந்தது. வாசலில் அவர் ஒரு பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, வாயில் ஸ்குரூவைக் கவ்வியபடி ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

அடுப்பில் ரசம் பொங்கிவிடும்போல இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை மண்ணில் இரும்பு இறங்கக் கூடாது என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். சுடலைமுத்துவுக்குப் போன் செய்து, பேட்டரி இன்னும் இரண்டு மூன்று நாள் கெட்டே இருக்கலாம் என்று சொன்னேன். பேட்டரிதானே, பஞ்சர் இல்லையே என்று கேட்டுக்கொண்டான். பிறகு சரி மைனி என்றான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கம்பளிப்பூச்சி வந்துவிட்டது.

சணப்பை காய் பிடிக்க ஆரம்பித்தால் ரோமப் புழு வரும் என்று படித்திருக்கிறேன். காய் பிடிக்கும்வரை வைத்தால்தானே வரும் என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இன்று ஆசீர் கொண்டுவந்த மாப்பிள்ளை, வெல்வெட் கோட்டுப் போட்டவர், ஒரு பூங்கொத்தைச் சேர்த்து அணைத்து முகத்தில் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். அணைத்தார், வைத்தார். சிரிப்பதற்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் மூக்கு, பிறகு கன்னம், பிறகு ஒரு கண். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மூடிப்போயிற்று. நான் ஓடிப்போய் வீட்டிலிருந்து செண்பகத்தம்மாள் கொடுத்த திருநீற்றை எடுத்து வந்து முகம் பூராவும் அப்பினேன். அரிப்பு நின்றது. ஆனால் மேக்கப்பின் மேல் திருநீறு, அதன்மேல் கண்ணீர் வழிந்து கோடு கோடாக ஆகிவிட்டது.

பெண் பாவம், அடக்கித்தான் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்தாள், திரும்பி நின்றாள், வானத்தைப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கத்தினார். வியாழக்கிழமை முகூர்த்தம், இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எப்படி மேடையில் நிறுத்துவது என்று கேட்டார். ஆசீர் நிழற்படத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். ஆளையே சரிசெய்ய முடியுமா என்றார் மாமன்.  மாப்பிள்ளை நடந்துபோய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இப்பவே இந்தச் சிரிப்புச் சிரிக்கிறவளை எனக்கு வேண்டாம் என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். பெண்ணின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவளுடைய அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். என் வயலில், என் செடியில், என் புழுவால் ஒரு கல்யாணம் நிற்கப்போகிறது.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது.

"காரில் இருக்கும் மாப்பிள்ளை அவர்களின் கவனத்துக்கு" என்று அவர் ஆரம்பித்தார். வழக்கமான அறிவிப்புக் குரல்தான். அடுத்த வரியில் குரல் மாறிவிட்டது. "தம்பி, எனக்குக் கல்யாணமாகி இருவது வருசம் தாண்டிட்டு. எம் பொண்டாட்டி என்னையப் பாத்து இப்பிடிச் சிரிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. தப்பு அவ பேர்ல இல்ல. பெஞ்சுல படுத்துக் கெடக்கவனப் பாத்து யாருக்குச் சிரிப்பு வரும்? உங்களப் பாத்து ஒருத்தி சிரிக்காய்யா. அதுக்கு எறங்கி வரணும், கதவச் சாத்தக் கூடாது."

நான்கு வயல் தள்ளிக் கேட்டிருக்கும். டீக்கடையில் நிச்சயமாகக் கேட்டிருக்கும். நான் குனிந்து, செடியில் எத்தனை காய் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கி வந்து, ஒற்றைக் கண்ணால் பெண்ணைப் பார்த்தார். நான் அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன் என்றார். அவள் ஆமாம் என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கன்னம் வலித்தது போலிருக்கிறது, வலிக்க வலிக்கச் சிரித்தார். ஆசீர் நல்ல போட்டோகிராபர், அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்.

பொழுது சாயும்போது எல்லாரும் போன பிறகு அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் காய் பிடித்த ஒரு கிளையை ஒடித்துக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

"பேட்டரி கெட்டுப்போச்சுன்னு நீங்கதான் சொல்லச் சொன்னியளோ?"

அவர் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "ஆமா" என்றார்.

"எதுக்கு?"

"உழுதுட்டன்னா அதுக்கு மறுநா நான் எங்கட்டி போவேன்?"

மறுபடி பெஞ்சுக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொறவு ஏன் நீ உழல?"

கொசு அதிகமாக இருந்தது. வீட்டுக்குள் வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, செவ்வாய்க்கிழமை உழுதுவிடுவோம், நானே சுடலையிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

உழுதாயிற்று. உடம்பில் வலிக்காத இடமில்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. சுடலைமுத்து இரண்டு சுற்று வருவதற்குள் நார் முழுக்க டிராக்டருக்குப் பின்னால் சுழல்கிற ரோட்டவேட்டரில் சுற்றிக்கொண்டு, சவுரிமுடி கட்டினதுபோல ஆகிவிட்டது. இறங்கி அரிவாளால் அறுத்தான். ஏறினான். மறுபடி சுற்றியது. மூன்றாவது தடவை இறங்கியவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இப்படியே போனால் தீபாவளிக்குள் முடியாது மைனி என்றான். முதலில் செடியைக் கையால் அறுத்துச் சின்னதாக நறுக்கிப் போட்டால்தான் கலப்பை ஓடும். மூன்று ஏக்கருக்கு நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

தப்பு என்னுடையதும்தான். அதனால் யாரையும் திட்டவில்லை.

அவர் மைக்கை எடுத்தார். "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. பூவைப் பார்த்தவர்கள், படம் எடுத்தவர்கள், மோர் குடித்தவர்கள் அனைவரும் அரிவாளுடன் வரவும். குறிப்பாக மோர் குடித்தவர்கள்."

வந்தார்கள். ஸ்டூல் போட்டவர் முதல் ஆளாக வந்தார். செண்பகத்தம்மாள் மருமகளோடு வந்தாள். ரிட்டயர் ஆன வாத்தியாரும் வந்தார். விஷயம் தெரியாமல் ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்த ஆசீர், பாதி வயல் மொட்டையாகக் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கூட்டிவந்த கல்யாணப் பெண் யோசிக்கவே இல்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் அரிவாளைக் கேட்டாள். கரிசல் காட்டுப் பிள்ளையாம், காய்ந்த பருத்திச் செடி, பருத்தி மார் வெட்டிய கை. மாப்பிள்ளைக்கு அரிவாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

இன்று பூராவும் அவர் வர்ணனை சொன்னார். சுடலைமுத்து அவர்கள் வடக்கு வரப்பில் திரும்புகிறார், நார் சிக்காமல் திரும்புகிறார், இதோ திரும்பிவிட்டார். மோர் குடித்த அணிக்கும் ஐஸ் தின்ற அணிக்கும் போட்டி கடுமையாக இருக்கிறது. வாத்தியார் சாய்வாக வெட்டுகிறார், செடிக்கு வலிக்கும் என்று நினைக்கிறார் போலும். டிராக்டருக்குப் பின்னால் புரண்ட மண்ணில் கொக்குகள் இறங்கின. புழு பொறுக்க வந்த விருந்தினர்களை வரவேற்கிறோம் என்றார். கம்பளிப்பூச்சி அத்தனையும் இன்றைக்கு மண்ணுக்குள்ளோ கொக்குக்குள்ளோ போயிற்று.

கடைசிப் பட்டையை உழப்போகும்போது அவர் மைக்கைக் கீழே வைத்தார். மிச்சம் நின்ற மஞ்சளை ஒரு முறை பார்த்தார். பிறகு அவரும் ஓர் அரிவாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார். வர்ணனை இல்லாமல் வயல் அமைதியாக இருந்தது. அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, அந்தப் பக்கம் உங்களுக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்றேன்.

"நீ சொன்னாச் சரிதான்" என்றார். பழைய வார்த்தைதான், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் சிரித்தேன் என்று செண்பகத்தம்மாள் அதற்குள் ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு ஞாபகமில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

திருநீறு மாப்பிள்ளையின் கல்யாணத்துக்குப் போனோம். கண் பாதி திறந்திருந்தது. தாலி கட்டும்போது பெண்ணுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. மண்டபத்தில் டவுன் செட், ஆள் உயரப் பெட்டி. பெட்டி இருந்தது, பேச ஆளில்லை. தாய்மாமன் இவரைத் தேடி வந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போனார். சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிடுவதிலிருந்து மொய் வாழ்த்து வரை அவர் குரல்தான். பெட்டிக்காரர்களே வந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். எங்களிடம் சத்தம் இருக்கிறது அண்ணாச்சி, பேச்சு இல்லை என்றார்களாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

வயல் நாறுகிறது. மக்குகிறது என்று அர்த்தம். டீக்கடையில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு டீ குடிக்கிறார்கள். எனக்கு அது மணக்கிறது.

நாராகிப்போன தண்டு சில இடங்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அல்போன்சா மேடத்திடம் பிந்தி உழுததைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். பேட்டரி என்றேன். மக்க இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், உள்ளி நடவைத் தள்ளிப் போடுங்கள் என்றார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை. மத்தியானம் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை விடாமல் பெய்தது.

முன்பெல்லாம் எங்கள் வயலில் மழை பெய்தால் மண் ஒரு சொட்டு உள்ளே வாங்காது. செக்கச் சிவப்பாகத் தண்ணீர் வழிந்து, ரோட்டைத் தாண்டி, எதிர் ஓடையில் போய் விழும். மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோடு காய்ந்திருக்கவில்லைதான், ஆனால் சிவப்பு இல்லை. வரப்போரம் ஒரு வாய்க்கால்கூட ஓடவில்லை. மூன்று ஏக்கரும் பெய்ததையெல்லாம் குடித்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோலக் கிடந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு காதுகுத்துக்கு அறிவிப்பு முடித்துவிட்டு அவர் அப்போதுதான் வந்தார். வெள்ளை வேட்டியோடு நேராக வயலுக்குள் இறங்கினார். நான்கு எட்டு வைத்ததும் கணுக்கால்வரை புதைந்துபோனார். காலை உருவினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கையை விட்டுத் துழாவினார். மண்புழு வந்தது. அதைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

நானும் இறங்கினேன். எனக்கும் புதைந்தது. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள் போலிருந்தது. போய்த் தொலையட்டும்.

அரைமணி நேரம் தோண்டியும் செருப்பு கிடைக்கவில்லை. தோல் செருப்பாக இருந்தால் அதுவும் மக்கி உரமாகியிருக்கும் என்றேன். இது ரப்பர். உள்ளி எடுக்கும்போது கிடைக்கும் என்றார் அவர்.